ஈரப் பிளவில் 'நம்பிக்கை'

வேல்ஸ் நாட்டின் வடக்கே, இட்வால் என்ற ஏரியின் தலைமாட்டில் ஒரு பெரும் பாறைச் சரிவு இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஒரு ராட்சசன் தன் வீட்டுக் கூரையைக் கழற்றி மலைமேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனதுபோல் தெரியும். அந்தச் சரிவில் ஏறும் மூன்று பாதைகளுக்கு ஃபெய்த், ஹோப், சாரிட்டி என்று பெயர். நம் ஊர்த் தேவாலயங்களில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்பார்களே, அதே மூன்றுதான்.

மூன்றில் மூத்தது ஹோப். 1915ஆம் ஆண்டில் முதன்முதலாக ஏறப்பட்டது. அடியிலிருந்து முடிவுவரை சுமார் 140 மீட்டர். நடுவழியில் 'இரட்டைப் பிளவு' என்று ஓர் இடம் வரும். பாறையில் பக்கம் பக்கமாக இரண்டு கீறல்கள். காலை ஊன்றவும் விரலை நுழைக்கவும் பெரும்பாலும் அவைதான் கதி. நூறாண்டுக்கும் மேலாகக் காலணிகள் தேய்த்துத் தேய்த்து, அந்த இடம் கோயில் படிக்கட்டுபோல் வழவழத்துக் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீரும் அதே பிளவு வழியாகத்தான் இறங்கும்.

நாங்கள் போன நாளில் மழை பெய்தது.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான், என் சித்தி மகள், எங்கள் வழிகாட்டி. தங்கை மூன்று ஆண்டுகளாக அங்கே ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கிறாள். முதியோர் பிரிவு. ஓய்வு நாள்களில் பாறை ஏறுகிறாள். "வந்து பாருங்கக்கா, பத்துமலைப் படியேறுற மாதிரிதான்" என்று வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பி என்னை ஆசை காட்டியவள் அவள்தான். நானும் இரண்டு மாதம் கோலாலம்பூரில் ஓர் உள்ளரங்கப் பயிற்சி மையத்தில் பிளாஸ்டிக் பிடிகளைப் பிடித்துத் தொங்கிப் பழகிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

இந்தப் பயணத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. விமான நிலையத்துக்கே வந்த சித்தி, எலுமிச்சை ஊறுகாய் ஒரு புட்டியும் மசாலாத்தூள் இரண்டு பொட்டலமும் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துச் சொன்னார்: "நீ சொன்னா கேப்பா. பேசிப் பாத்து, கையோட கூட்டிட்டு வந்துரும்மா."

கல்லால் ஆன ஊர்

பேங்கோர் ரயில் நிலையத்திலிருந்து மலைக்குள் போகும் சாலையில் முதலில் வருவது பெத்தெஸ்டா. ஒரு தேவாலயத்தின் பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது. ஊருக்கு மேலே படிப்படியாக வெட்டப்பட்ட ஒரு மலை. அதுதான் பென்ரின் கற்பலகைச் சுரங்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே மிகப் பெரிய கற்பலகைச் சுரங்கம் இதுதான். பிரிட்டனின் எத்தனையோ வீடுகளுக்குக் கூரை போட்ட கல் இங்கிருந்து போனது.

சுரங்கத்தின் முதலாளிக் குடும்பத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று வழிகாட்டியிடம் கேட்டேன். ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து, அடிமைகளின் உழைப்பிலிருந்து என்றார். பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பிறந்த தாத்தாவின் பேத்தி நான். 'தோட்டம்' என்ற சொல் காதில் விழுந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

1900 நவம்பரில் இந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். போராட்டம் 1903 நவம்பர்வரை நீடித்தது. மூன்று ஆண்டுகள்! வேலைக்குத் திரும்பாத குடும்பங்கள், இந்த வீட்டில் துரோகி இல்லை என்று வேல்ஸ் மொழியில் அச்சிட்ட அட்டையைச் சன்னலில் வைத்தார்கள். கடைசியில் தோற்றது தொழிலாளர்கள்தான். பலர் ஊரைவிட்டே போய், தெற்கே நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை தேடிக்கொண்டார்கள். இன்று இந்தக் கற்பலகை நிலப்பரப்பு முழுவதும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. 2021இல் அந்தத் தகுதி கிடைத்தது.

எங்கள் வழிகாட்டி அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. அவருடைய வேனில் வேல்ஸ் மொழி வானொலி ஓடிக்கொண்டிருந்தது. பிபிசியின் ரேடியோ கம்ரி, 1977 முதல் ஒலிபரப்பாகிறது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால், அறிவிப்பாளர் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே பாட்டுக்கு வழிவிடுகிறார், எந்த நேயர் தினமும் அழைப்பவர் என்பதெல்லாம் புரிந்தது. தொழில் அப்படி.

2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் அந்நாட்டு மொழி பேசுவோர் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர். மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.8 விழுக்காடு. சாலைப் பலகைகளில் அம்மொழி இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது, தொலைக்காட்சியில் இருக்கிறது. அத்தனையும் கேட்டு வாங்கியவை. 2022இல் தேசியப் பூங்கா நிர்வாகம் 'ஸ்னோடோனியா'வை விட்டு 'எரிரி' என்ற பழைய பெயருக்கே மாறியது.

அவர்கள் மொழியில் இரட்டை 'ல' ஒன்று உண்டு. நாக்கை மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். வழிகாட்டி எங்களைச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது பாதி எச்சில்தான் வந்தது. பதிலுக்கு நான் 'ழ' கொடுத்தேன். "வாழைப்பழம்" என்று நாலு தடவை முயன்று சிரித்துவிட்டார். தங்கை மட்டும் இரண்டையும் சரியாகச் சொன்னாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டார்வின் பார்க்கத் தவறியது

ஓக்வென் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கல் பாவிய பாதையில் அரை மணி நேரம் நடந்தால் இட்வால் ஏரி. முன்னொரு காலத்தில் இட்வால் என்ற இளவரசனை இதில் தள்ளிக் கொன்றார்களாம். அதனால் இந்த ஏரிக்கு மேலே எந்தப் பறவையும் பறக்காது என்பது ஐதீகம். நாங்கள் போனபோது கடற்புறா ஒன்று பறந்தது. அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்.

1831 ஆகஸ்டில் 22 வயது சார்ல்ஸ் டார்வின் தம் பேராசிரியர் செட்ஜ்விக்கோடு இங்கே வந்தார். பீகிள் கப்பல் ஏறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு. பாறைகளில் பழங்கால உயிர்களின் தடங்களைத் தேடி மணிக்கணக்கில் சுற்றினார்கள். ஆனால், அந்தப் பள்ளத்தாக்கையே செதுக்கியது பனியாறு என்பது இருவர் கண்ணிலும் படவில்லை. கீறல் விழுந்த பாறைகள், அந்தரத்தில் உட்கார்ந்திருக்கும் உருண்டைக் கற்கள், கரையோர மண்மேடுகள் எல்லாம் கண்முன்னே கிடந்தன. பனியாறுகளைப் பற்றிய ஆராய்ச்சிகள் வெளிவந்த பிறகு, 1842இல் திரும்பி வந்து பார்த்தபோதுதான் டார்வினுக்கு அத்தனையும் தெரிந்தன. முதல்முறை பார்க்கத் தவறியதை அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

1954இல் இந்த இடம் வேல்ஸின் முதல் தேசிய இயற்கைக் காப்பகமானது. பாறை இடுக்குகளில் ஸ்னோடன் லில்லி என்ற சிறு வெள்ளைப் பூ பூக்கும். பிரிட்டனில் இந்த மலைத்தொடரைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. ஏரிக்குப் பின்னால் மேகம் புகைபோல் எழும்பும் ஒரு கரிய பிளவு உண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் 'பிசாசின் சமையற்கட்டு' என்று பெயர்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதே மலைத்தொடரில் உள்ள கிரிப் கோக் சிகரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 4,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. கோலாலம்பூரில் பெய்வதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். நம் மழை இடி மின்னலோடு வந்து ஒரு மணி நேரத்தில் கணக்கை முடித்துக்கொள்ளும். அவர்கள் மழைக்கு அவசரமே இல்லை. நாள் முழுக்க நின்று நிதானமாக நனைக்கும்.

ஆணி அடிக்காத பாறை

பத்துமலையைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறைகளில் வார இறுதியில் இளைஞர்கள் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பாறையைத் துளைத்து இரும்பு போல்ட்டுகளை நிரந்தரமாக அடித்து வைத்திருப்பார்கள். ஏறுபவர் அதில் கொக்கியை மாட்டி, கொக்கியில் கயிற்றைப் போட்டுக்கொண்டு மேலே போவார்.

இட்வாலில் அப்படி எதுவும் இல்லை. இங்கே நடப்பது 'டிராட்' எனப்படும் மரபுவழிப் பாறையேற்றம். முன்னால் ஏறுபவர் தம் இடுப்பில் அலுமினிய ஆப்புகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டுக்கொள்வார். பாறையில் பிளவு கண்ட இடத்தில், அதன் அகலத்துக்குப் பொருந்தும் ஆப்பைத் தேடி உள்ளே செருகுவார். அகலமான பக்கம் மேலே, குறுகிய பக்கம் கீழே. கீழ்நோக்கி இழுக்க இழுக்க ஆப்பு இறுகும். அதில் கயிற்றை மாட்டிக்கொண்டு தொடர்ந்து ஏறுவார். பின்னால் வருபவர் ஒரு சிறு கொக்கிக் கம்பியால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டு வர வேண்டும். எல்லாரும் ஏறி முடித்த பிறகு பாறையில் ஒரு பொருளும் மிஞ்சியிருக்காது.

இந்த ஆப்புகளுக்கு ஒரு கதை உண்டு. 1950களில் இந்த மலைகளில் ஏறியவர்கள், சிகரத்துக்குப் போகும் ரயில் தண்டவாளத்தை ஒட்டி நடக்கும்போது, கீழே கிடக்கும் இரும்புத் திருகு நட்டுகளைப் பொறுக்கிக்கொள்வார்களாம். ஓட்டையில் கயிற்றைக் கோத்துப் பிளவில் செருகினால் ஆப்பு தயார். பிறகு 1960களில் தொழிற்சாலையில் செய்த ஆப்புகள் வந்தன. இன்றைக்கும் அதற்கு 'நட்' என்றுதான் பெயர்.

இப்போது பிளவு ஈரமாக இருந்தால் என்ன ஆகும்? மழை விட்டாலும் பாறைக்குள் ஊறிய நீர் நாள்கணக்கில் பிளவு வழியே கசியும். மண்ணும் பாசியும் சேரும். உராய்வு குறையும். கால் வழுக்கும், விரல் மரத்துப்போகும். விரிந்து பிடிக்கும் வகைக் கருவிகள் ஈர மண்ணில் நழுவக்கூடும். ஆனால், குறுகும் இடத்தில் சிக்கி நிற்கும் ஆப்புக்கு ஈரம் அவ்வளவாகப் பொருட்டில்லை. "ஒட்டிக்கொண்டிருப்பதை நம்பாதே, சிக்கிக்கொண்டிருப்பதை நம்பு" என்றார் வழிகாட்டி. நான் கொண்டுபோன மெல்லிய ஏறுகாலணியையும் பையிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். மழை நாளில் கனத்த மலைக்காலணிதான் நல்லதாம்.

1915இல் ஒரு பெண்

ஹோப் பாதையை முதலில் ஏறிய குழுவுக்கு முன்னே சென்றவர் ஒரு பெண் என்று தங்கை சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தேன். எமிலி டேனியல். ஈ. எச். யங் என்ற பெயரில் நாவல்கள் எழுதியவர். அவருடைய 'மிஸ் மோல்' 1930இல் வெளிவந்து, ஜேம்ஸ் டெய்ட் பிளாக் நினைவுப் பரிசைப் பெற்றது. அவர் பின்னால் ஏறியவர்களில் ஒருவர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். பல்கலைக்கழகத்தில் இலக்கியத் திறனாய்வு படித்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்வார்கள். 1929இல் வந்த 'பிராக்டிகல் கிரிட்டிசிஸம்' எழுதிய அதே ரிச்சர்ட்ஸ்தான். ஊடகப் படிப்பில் தேர்வுக்கு முதல் நாள் அவரைத் திட்டிக்கொண்டே படித்தவள் நான். அவர் காலூன்றிய பிளவில் நானும் காலூன்றப் போகிறேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்தக் காலத்தில் இடுப்பில் சணல் கயிறு, காலில் ஆணி பதித்த தோல் காலணி, அவ்வளவுதான். ஆப்பு கிடையாது, தலைக்கவசம் கிடையாது. முன்னால் ஏறுபவர் விழக்கூடாது என்பதே ஒரே பாதுகாப்பு. அது உலகப் போர்க் காலம். பெயர் வைத்த அடுத்த ஈராண்டுக்குள், 1917இல், எமிலியின் கணவர் ஈப்ரா போர்முனையில் இறந்தார். பக்கத்திலேயே 'டென்னிஸ் ஷூ' என்ற பாதையை 1919இல் ஏறியவர் நோயல் ஓடெல். 1924இல் எவரெஸ்ட்டில் மலோரியையும் இர்வினையும் கடைசியாக உயிரோடு பார்த்தவர் அவர்தான்.

காற்றில் கரையும் குரல்

பாறையேற்றத்தில் என்னை மிகவும் கவர்ந்தது பேச்சு முறை. முன்னால் போனவர் நாற்பது மீட்டர் மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்பார். காற்று பாதிச் சொல்லைத் தின்றுவிடும். அதனால் கட்டளைகள் எல்லாம் முன்பே பேசி வைத்தவை. அவர் பாதுகாப்பாக நின்றதும் "சேஃப்" என்பார். மிச்சக் கயிற்றை மேலே இழுப்பார். கயிறு என் இடுப்பை இழுத்ததும் நான் "தட்ஸ் மீ" என்று கத்த வேண்டும். கயிறு எங்கேயோ பாறையில் சிக்கவில்லை, இழுபடுவது நான்தான் என்று அர்த்தம். பிறகு அவர் "கிளைம்ப் வென் ரெடி" என்பார். நான் "கிளைம்பிங்" என்று சொல்லிவிட்டு, அவருடைய "ஓகே" கேட்கும்வரை காலை எடுக்கக்கூடாது.

கயிறு தளர்ந்திருந்தால் "டேக் இன்" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். தளர்ச்சி என்ற பொருள் தரும் "ஸ்லாக்" என்ற சொல்லை அதோடு சேர்க்கவே கூடாது. காற்றில் அந்த ஒரு சொல் மட்டும் மேலே போய்ச் சேர்ந்தால், இறுக்க வேண்டிய கயிற்றை இன்னும் தளர்த்திவிடுவார்கள். பத்து ஆண்டுகளாக ஒலிவாங்கி முன்னால் பேசுகிறேன். ஒரு சொல் தவறிக் கேட்டால் ஓர் உயிர் ஆடும் என்ற கணக்கில் நான் ஒருநாளும் பேசியதில்லை.

வழிகாட்டி இரண்டு கயிறுகளோடு முன்னே ஏறினார். ஒன்று தங்கைக்கு, ஒன்று எனக்கு. முதல் கட்டம் சாய்ந்த பலகைபோல் இருந்தது. தூறல்தான். வெள்ளைப் படிகக்கல் படர்ந்த இடங்களில் கால் நன்றாகப் பிடித்தது. தங்கை மூன்று மீட்டர் முன்னால் ஏறிக்கொண்டே, "கைய நம்பாதீங்கக்கா, கால நம்புங்க" என்று பாடம் எடுத்தாள். சின்ன வயதில் அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான்.

இரட்டைப் பிளவின் அடியில் உள்ள திட்டில் நாங்கள் மூவரும் நின்றபோது தூறல் மழையானது. பிளவுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வழிகாட்டி நிதானமாகச் சொன்னார்: "இங்கிருந்து கயிற்றில் இறங்கிவிடலாம். மேலேயும் போகலாம். இரண்டும் சரிதான். உங்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் மூவரும் இறங்குவோம்."

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை. எனக்கு முழங்கால் இலேசாக ஆடியது. கீழே ஏரி சிறு தட்டுபோல் தெரிந்தது. "போலாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

வழிகாட்டி ஏறினார். ஓர் ஆப்பு. இன்னும் கொஞ்சம் மேலே இன்னோர் ஆப்பு. அவர் மறைந்தார். "சேஃப்" கேட்டது. தங்கை இடது பிளவில் காலைச் செருகினாள், வலது பிளவில் விரல்களை நுழைத்தாள், எழும்பினாள். மூன்றாவது எட்டில் அவள் கால் வழுக்கியது.

சத்தமே இல்லை. அரை மீட்டர் கீழே வந்தாள். கயிறு விறைத்தது. முழங்கை பாறையில் உரச, அப்படியே தொங்கினாள். என் நெஞ்சு நின்றேபோனது. அவள் தலையைக் குனிந்து, "ஒன்னுமில்லக்கா" என்றாள். பிறகு மேலே பார்த்து ஏதோ வேல்ஸ் மொழியில் கத்தினாள். மேலிருந்து ஒரு சிரிப்பும் ஒரு பதிலும் வந்தன. அவள் மறுபடி காலைச் செருகினாள். இந்த முறை இன்னும் ஆழமாக, பாதத்தைச் சற்றே திருகி. பிடித்தது. ஏறிப் போய்விட்டாள்.

தமிழில் நாம் எதிர்பார்ப்புக்கும் நம்பிக்கை என்கிறோம், ஒருவர்மேல் வைக்கும் உறுதிக்கும் நம்பிக்கை என்கிறோம். அந்தத் திட்டில் தனியாக நின்றபோது இரண்டும் வேறு வேறு என்று புரிந்தது. நல்லபடியாக நடக்கும் என்ற எதிர்பார்ப்பு அந்த நேரத்தில் எனக்கு மிகக் குறைவாகத்தான் இருந்தது. ஆனால், கயிறு தாங்கியதைக் கண்ணால் பார்த்திருந்தேன். அது போதுமானதாக இருந்தது.

"தட்ஸ் மீ" என்று கத்தினேன். ஒலிபரப்புக் குரலில், வயிற்றிலிருந்து. ஏரிக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

பிளவுக்குள் விரலை விட்டதும் பனிக்கட்டித் தண்ணீர் சட்டைக் கைக்குள் புகுந்து முழங்கைவரை ஓடியது. பாதத்தைச் செருகித் திருகினேன். முதல் ஆப்பைக் கழற்றக் கம்பியால் தட்டித் தட்டி, விரல் உணர்ச்சியே இல்லாமல் ஐந்து நிமிடம் ஆயிருக்கும். அது விடுபட்டபோது வந்த 'டக்' என்ற ஒலியைப்போல் இனிமையான ஒலியை நான் கேட்டதில்லை. இரண்டாவது ஆப்பையும் எடுத்துக்கொண்டு மேலே போனபோது, தங்கை என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

திட்டில் பேசியது

அடுத்த கட்டத்துக்கு வழிகாட்டி முன்னே போனார். நாங்கள் இருவரும் ஒரே பாறையில் கட்டப்பட்டு, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

"அம்மாதானே உங்கள அனுப்பி வெச்சாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நிரந்தரமா இங்கேயே வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. போன மாசம்."

நான் பேசவில்லை. அவளே தொடர்ந்தாள். அவள் பிரிவில் நினைவு மங்கிய முதியவர்கள் இருக்கிறார்கள். நோய் முற்ற முற்றச் சிலருக்குப் பின்னால் கற்ற ஆங்கிலம் உதிர்ந்துபோகும், பிள்ளைப் பருவத்து வேல்ஸ் மொழி மட்டும் மிஞ்சும். வலிக்கிறது என்பதைக்கூட அந்த மொழியில்தான் சொல்வார்கள். "அதுக்காகத்தான் படிச்சேன். ஒரு பாட்டி என் கையப் பிடிச்சிக்கிட்டு அரை மணி நேரம் பேசினாங்க. பாதி புரியல. ஆனா பதில் சொல்ல முடிஞ்சிச்சு. நம்ம பாட்டி ஆஸ்பத்திரியில இருந்தப்ப தமிழ் தெரிஞ்ச தாதி ஒருத்தர் வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? பாட்டி மொகம் எப்படி மாறிச்சு."

எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல" என்றேன். "நீ சொல்லு முதல்ல. நான் பக்கத்துல இருக்கேன்."

மேலிருந்து "சேஃப்" கேட்டது. இருவர் இடுப்பையும் கயிறு ஒரே நேரத்தில் இழுத்தது.

மேலே போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அங்கே கொடியும் இல்லை, பலகையும் இல்லை. இன்னும் மேலே போகும் மலைதான் இருந்தது. ஏறியதைவிட இறங்குவதில்தான் கவனம் தேவை என்று வழிகாட்டி கயிற்றைக் கழற்றவிடவில்லை. ஏறி முடித்த நிம்மதியில் கால் சோர்ந்து, ஈரப்புல்லில் வழுக்குபவர்கள்தான் அதிகமாம். அப்படி அடிபடுபவர்களைத் தூக்கிவர ஓக்வென் பள்ளத்தாக்கில் ஒரு மலைமீட்புக் குழு உண்டு. எல்லாருமே சம்பளமில்லாத தொண்டர்கள்.

சித்திக்கு எழுதிய குறிப்பு

அன்றிரவு கோலாலம்பூருக்குக் காணொளி அழைப்பு. தங்கைதான் பேசினாள். சித்தி அழுதார். கோபப்பட்டார். அப்புறம் தொலைபேசியை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "அவ அங்க நல்லா இருக்காளா?" என்று கேட்டார். நான் அந்தப் பிளவையும் கயிற்றையும் பற்றிச் சொல்லவில்லை. "பேச ஆள் இருக்கு சித்தி, புடிச்சிக்க ஆள் இருக்கு" என்றேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே எனக்கு வியர்க்கும். அன்று காத்திருந்தேன்.

"விமான நிலையத்துலருந்து எவ்வளவு தூரம்?" என்றார்.

அவருக்கு எழுதித் தந்ததையே உங்களுக்கும் தருகிறேன். மான்செஸ்டரில் இறங்கி, செஸ்டர் வழியே ரயிலில் பேங்கோர் போகலாம். கடற்கரையை ஒட்டிய அழகான பாதை. வலப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். பேங்கோரிலிருந்து பெத்தெஸ்டா வழியே ஓக்வென் ஏரிக்குச் சாலை போகிறது. மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். அப்போதும் மழைச்சட்டை கட்டாயம். பாறை ஏற நினைப்பவர்கள் தகுதிச் சான்று பெற்ற பயிற்றுநர் இல்லாமல் கயிற்றைத் தொட வேண்டாம். மலையில் ஆபத்து என்றால் 999 எண்ணை அழைத்து, காவல்துறையைக் கேட்டு, மலைமீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

ஏற முடியாதவர்கள் வருந்த வேண்டாம். ஓக்வெனிலிருந்து இட்வால் ஏரியைச் சுற்றி வர மொத்தம் ஐந்து கிலோமீட்டருக்குள்தான். கல்படிகள் உண்டு, வழுக்காத காலணி போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏரிக்கரைவரை மட்டும் போய், அங்குள்ள கல்லில் உட்கார்ந்துகொள்ளலாம். அங்கிருந்து பாறைச் சரிவு முழுவதும் தெரியும். வெயில் நாளில் அதில் சிறு சிறு வண்ணப் புள்ளிகள் நகரும். எல்லாம் ஏறிக்கொண்டிருக்கும் மனிதர்கள்.

செப்டம்பரில் சித்தி போகிறார். ஊறுகாயை இந்த முறை அவரே கொண்டுபோகிறார்.